வகுப்பில் உட்காராமல் வந்த 42 கிரெடிட்: என் அக்காவின் பட்டக் கணக்கு

என் அக்கா 2024 மே மாதம், 44 வயதில், நியூ ஜெர்சியில் பட்டம் வாங்கினாள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டு வருடம் படித்து, மூன்றாம் வருடத்துக்கு ஃபீஸ் கட்டும் முன்பே கல்யாணமாகி அமெரிக்கா வந்தவள். அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகள், பல வருடம் வேலை செய்ய அனுமதியில்லாத விசா, அப்புறம் கிரீன் கார்டு, ஒரு சின்ன நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை என்று இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அங்கே சம்பளப் பட்டியல் முழுவதும் அவள் கையில்தான். ஆனால் அவளுக்கு மேலே இருந்த பதவி இரண்டு முறை காலியானபோதும் அவள் விண்ணப்பிக்கவே முடியவில்லை. இளநிலைப் பட்டம் கட்டாயம் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தது.

இங்கே படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் எண்ணுவார்கள், பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். ஒரு பாடம் என்றால் பெரும்பாலும் 3 கிரெடிட். அக்காவின் 120 இப்படி வந்தது: ஊரில் படித்த இரண்டு வருடத்துக்கு 45, வகுப்புக்கே போகாமல் 42, கல்லூரியில் உட்கார்ந்து படித்தது 33. நடுவில் இருக்கும் அந்த 42 பற்றித்தான் இந்தக் கட்டுரை. கேட்கிறவர்களுக்கெல்லாம் போனில் அரைகுறையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை, எங்கே சறுக்கினோம் என்பதையும் சேர்த்து, ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

ஒரு விஷயம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் அதை மறுபடி வகுப்பில் உட்கார்ந்து, காசு கட்டிக் கற்கத் தேவையில்லை, தெரியும் என்று நிரூபித்தால் போதும் என்ற எண்ணம் அமெரிக்கக் கல்லூரிகளுக்குள் வந்ததில் இரண்டாம் உலகப் போருக்குப் பெரிய பங்கு உண்டு. 1942இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் ராணுவத்தினருக்கென்று ஒரு தபால்வழிக் கல்வி நிலையம் தொடங்கினார்கள். போர் முடிந்து லட்சக்கணக்கான வீரர்கள் கல்லூரி வாசலுக்கு வந்தபோது, ராணுவத்தில் அவர்கள் கற்றதற்கு எத்தனை கிரெடிட் தரலாம் என்று கணக்கிட்டுச் சொல்லும் வேலையை அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் என்ற அமைப்பு எடுத்துக்கொண்டது. சுருக்கமாக ஏஸ் என்பார்கள். 1967இல் காலேஜ் போர்டு, அதாவது எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை நடத்தும் அதே அமைப்பு, வகுப்புக்குப் போகாமலே எழுதிக் கல்லூரிக் கிரெடிட் வாங்கக்கூடிய கிளெப் என்ற தேர்வுகளைக் கொண்டுவந்தது. அப்புறம் 1971இலிருந்து மூன்றே வருடத்துக்குள், இப்படிச் சேர்த்த கிரெடிட்டை வைத்தே பெரியவர்களுக்குப் பட்டம் தர மூன்று நிறுவனங்கள் எழுந்தன. நியூயார்க்கில் 1971இல் தொடங்கியது இன்று எக்ஸெல்சியர் பல்கலைக்கழகம். நியூ ஜெர்சியில் 1972இல் வந்தது இன்றைய தாமஸ் எடிசன் ஸ்டேட் பல்கலைக்கழகம். கனெக்டிகட்டில் 1973இல் சார்ட்டர் ஓக் ஸ்டேட் கல்லூரி. பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காராத எடிசனின் பெயரை அப்படி ஒரு கல்லூரிக்கு வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

அக்கா இந்த மூன்றில் எதிலும் சேரவில்லை. எதிரே ஆசிரியர் நின்று சொல்லித்தரும் மாலை வகுப்பு வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். அதனால் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் இருக்கும் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாள், பெயர் வேண்டாம்.

முதல் தப்பு என்னுடையது. 2021 ஜனவரியில் இந்த வழியைக் கண்டுபிடித்துச் சொன்ன உற்சாகத்தில், "அக்கா, எகனாமிக்ஸ் உனக்குத் தெரிஞ்ச பாடம்தானே, முதல்ல அதை எழுதிப் போடு" என்று நான்தான் தள்ளிவிட்டேன். அவளும் இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாகப் படித்து, கிளெப்பில் மேக்ரோ எகனாமிக்ஸ் எழுதி, 61 வாங்கித் தேர்ச்சி பெற்றாள். அதற்குப் பிறகுதான் ஊர் மதிப்பெண் பட்டியலின் மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்தது. வெளிநாட்டுப் படிப்பை இங்கே யாரும் நேராக ஏற்க மாட்டார்கள். அதற்கென்று இருக்கும் மதிப்பீட்டு நிறுவனங்களில் ஒன்று பாடம் பாடமாகப் பிரித்து, இது இங்கே இந்தப் பாடத்துக்குச் சமம், இத்தனை கிரெடிட் என்று எழுதித்தர வேண்டும். அந்த அறிக்கையில் அவள் பி.காம். முதல் வருடம் படித்த பொருளாதாரம் இங்குள்ள அடிப்படைப் பொருளாதாரத்துக்குச் சமம் என்று ஏற்கெனவே இருந்தது. ஒரே பாடத்துக்கு இரண்டு தரம் கிரெடிட் கிடையாது. 61 வாங்கிய அந்தத் தேர்வு அவள் பட்டத்தில் ஓர் எழுத்தாகக்கூட ஏறவில்லை. அவள் என்னைத் திட்டவில்லை. ஆனால் ஒரு வாரம் போன் பண்ணவில்லை.

அந்த அறிக்கையை வாங்கவே ஏழு மாதம் ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். இருபது வருடத்துக்கு முந்தைய மதிப்பெண்ணை ஊரிலிருந்து முத்திரையிட்ட உறையில் வரவழைக்க எங்கள் மாமா நான்கு முறை பஸ் ஏறி அலுவலகத்துக்குப் போனார். பழைய ஹால் டிக்கெட்டும் மதிப்பெண் அட்டையும் அம்மா பீரோவில் வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. இங்கே படிக்க நினைக்கும் யாராக இருந்தாலும் டிரான்ஸ்கிரிப்ட் வேலையை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்கிவிடுங்கள். மதிப்பீட்டில் 56 கிரெடிட் வந்தது, கல்லூரி 45 மட்டும் எடுத்துக்கொண்டது. மதிப்பீட்டு நிறுவனம் சொல்வது ஒரு கருத்து, அவ்வளவுதான். எத்தனை ஏற்பது என்பது கல்லூரியின் முடிவு. கிளெப்பும் அப்படித்தான். ஏஸ் பரிந்துரைக்கும், காலேஜ் போர்டு மதிப்பெண் அனுப்பும், ஆனால் கிரெடிட் கொடுப்பது நீங்கள் சேர்ந்திருக்கும் கல்லூரி மட்டுமே. பக்கத்து ஊர்க் கல்லூரி ஒரு பாடத்தை ஏற்கிறது என்பதால் உங்கள் கல்லூரியும் ஏற்கும் என்று நினைக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு ஒழுங்காகச் செய்தோம். கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி நான்கு விஷயம் கேட்டாள்: எந்தெந்த கிளெப் தேர்வை ஏற்கிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண் வேண்டும், என் பட்டத்தில் அது எந்தப் பாடத்தின் இடத்தில் உட்காரும், மொத்தத்தில் எத்தனை கிரெடிட் வரை வெளியிலிருந்து கொண்டுவரலாம். மூன்றாவது கேள்விதான் உயிர்நாடி. "ஏற்கிறோம்" என்று சொல்லிவிட்டு, எதற்கும் உதவாத பொதுக் கிரெடிட்டாகப் போட்டுவிட்டால் எண்ணிக்கை கூடும், ஆனால் எழுத வேண்டிய பாடம் அப்படியே பாக்கி நிற்கும். போனில் ஒருவர் சொன்னதும் எழுத்தில் வந்ததும் இரண்டு இடத்தில் வேறாக இருந்தன. எழுத்தில் வந்ததைத்தான் கடைசியில் கல்லூரி மதித்தது.

கிளெப்பில் மொத்தம் 34 தேர்வுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒன்றரை மணி நேரம், கணினியில், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். தப்புக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் எந்தக் கேள்வியையும் காலியாக விடக்கூடாது. மதிப்பெண் 20இலிருந்து 80 வரை. பெரும்பாலான தேர்வுகளுக்கு 50 இருந்தால் கிரெடிட் தரலாம் என்பது ஏஸ் பரிந்துரை. இந்த 50ஐ நம் ஊர்ப் பழக்கத்தில் நூற்றுக்கு ஐம்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது சதவீதம் இல்லை, எத்தனை கேள்வி சரி என்பதை ஒரு பொது அளவுகோலுக்கு மாற்றிய எண்.

அக்கா தேர்ச்சி பெற்று, கல்லூரியும் ஏற்றது ஒன்பது தேர்வு. சமூகவியல், உளவியல், இலக்கியமும் கலைகளும் சேர்ந்த ஹ்யூமானிட்டீஸ், மேலாண்மை, மார்க்கெட்டிங், தகவல் அமைப்புகள், 1877 வரையிலான அமெரிக்க வரலாறு ஆகிய ஏழுக்கும் தலா 3. இயற்கை அறிவியலுக்கு 6, ஆங்கிலக் கட்டுரைக்கு 6. ஆக மொத்தம் 33.

இதில் வரலாறுதான் அவளை அழவைத்தது. முதல் முறை 46. நமக்கு வேலு நாச்சியாரும் கட்டபொம்மனும் பள்ளியில் சொல்லாமலே தெரியும், ஆண்ட்ரூ ஜாக்சன் யார், அவர் ஏன் வங்கியோடு சண்டை போட்டார் என்பது எங்கே தெரியும்? இங்கே வளர்ந்தவர்களுக்கு அது பள்ளிப் பருவத்திலேயே காதில் விழுந்த கதை. அவளுக்கு அப்படி ஒரு அடித்தளம் இல்லாததால் பெயரும் வருடமும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. அதே தேர்வை மறுபடி எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த மூன்று மாதம் அவள் கேள்வித்தாள் பழகுவதை விட்டுவிட்டு, எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகனின் சமூக அறிவியல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கதை மாதிரி வாசித்தாள். இரண்டாம் முறை 57. தேர்வுக்கென்று போட்ட புத்தகம் ஏற்கெனவே தெரிந்ததைத் தட்டி எழுப்பத்தான் உதவும், ஒன்றுமே தெரியாத பாடத்தை அதிலிருந்து மட்டும் கற்பது கடினம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சமூகவியலையும் மேலாண்மையையும் அவள் மூன்றே வாரத்தில் முடித்ததற்குக் காரணம், அவை அவள் இருபது வருடமாக வாழ்ந்து பார்த்தவை. புத்தகம் அவற்றுக்குப் பெயர் மட்டும் சொல்லித்தந்தது.

செலவு பற்றி. அப்போது ஒரு தேர்வுக்கு 90 டாலர் சுற்று. தேர்வு மையம் தனியாக ஒரு தொகை வாங்கும், எங்கள் மையத்தில் 30 டாலர். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு கிளெப் பாடங்களை இணையத்தில் இலவசமாகச் சொல்லித்தருகிறது. பாடத்தை முழுதாக முடித்துப் பயிற்சிக் கேள்விகளையும் எழுதினால் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரும் அவர்களே தருகிறார்கள். பதினொரு தடவையில் ஏழு தடவை அக்கா அப்படித்தான் எழுதினாள். வீணாய்ப்போன எகனாமிக்ஸையும் தோற்ற வரலாற்றையும் சேர்த்தே மொத்தச் செலவு 700 டாலரைச் சுற்றித்தான் வந்தது. அந்தக் கல்லூரியில் ஒரு கிரெடிட்டுக்கு 400 டாலருக்கு மேல். 33 கிரெடிட்டை வகுப்பில் எடுத்திருந்தால் 13,000 டாலர் தாண்டியிருக்கும். வகுப்பில் எடுத்த பாடங்களுக்கு அவள் நிறுவனம் கொஞ்சம் உதவியது. வருடத்துக்கு 5,250 டாலர் வரை நிறுவனம் தரும் படிப்பு உதவிக்கு இங்கே மத்திய அரசின் வருமான வரி கிடையாது, பலருக்கு இது தெரிவதில்லை. கேட்டால்தான் சொல்வார்கள்.

சரி, இப்போது தமிழ். கிளெப்பில் மொழி என்றால் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மட்டும்தான். தமிழ் இல்லை என்று பார்த்துவிட்டு விட்டுவிட்டோம். அப்புறம் மொழித் துறையில் ஒரு பேராசிரியைதான், ஆக்ட்ஃபல் என்ற அமைப்பின் வாய்மொழித் தேர்வு தமிழிலும் உண்டு, அதற்கு ஏஸ் பரிந்துரையும் உண்டு என்று சொன்னார். போனில் ஒருவர் தமிழில் பேட்டி எடுப்பார், அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பதிவு செய்து தரம் போடுவார்கள். "ஏலே, நான் தமிழ் பேசுதேனான்னு பாக்கதுக்குப் பரீட்சையா?" என்று அக்கா சிரித்தாள். ஆனால் அது அவ்வளவு எளிதில்லை. முதலில் வீடு, வேலை, ஊர் என்று கேட்டார்கள், அதில் அவள் வெள்ளம் மாதிரி ஓடினாள். பிறகு, பள்ளியில் தாய்மொழிக் கல்வி வேண்டுமா வேண்டாமா, இரண்டு பக்க வாதத்தையும் சொல்லுங்கள், அரசு அப்படிச் சட்டம் போட்டால் என்ன ஆகும் என்று போனபோது தடுமாறினாள். வீட்டுத் தமிழில் விவாதம் செய்து அவளுக்குப் பழக்கமில்லை, வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷ் வந்து விழுந்தது. அட்வான்ஸ்டு ஹை என்ற தரம் கிடைத்தது, அதற்கு மேலே சுப்பீரியர் என்று ஒன்று இருக்கிறது. தாய்மொழிக்காரர் என்பதற்காக உச்சத் தரம் தானாக வராது. பி.காம்.இல் படித்த பகுதி 1 தமிழுக்கு மதிப்பீட்டில் ஏற்கெனவே கிரெடிட் இருந்ததால் மறுபடி இரட்டிப்புச் சிக்கல் வருமோ என்று பயந்தோம். இந்த முறை முன்கூட்டியே கேட்டிருந்தோம். பழையது இலக்கியப் பாடம், இது பேச்சுத் திறன் என்று கல்லூரி பிரித்துப் பார்த்து 6 கிரெடிட் கொடுத்தது. வெள்ளைத்தாளில் அச்சான டிரான்ஸ்கிரிப்ட்டில் "தமிழ்" என்ற பெயரைப் பார்த்தபோது எங்கள் இருவருக்கும் கண் கலங்கியது, அதை மறைக்க விரும்பவில்லை.

மீதி 3 கிரெடிட் போர்ட்ஃபோலியோ வழியாக வந்தது. தேர்வே இல்லாத பாடத்தில் உங்களுக்கு அறிவு இருக்கிறது என்றால், அதை எழுதி, சான்று இணைத்துக் கொடுக்கலாம். அந்தப் பாடத்தின் ஆசிரியர் ஒருவர் வாசித்து முடிவு சொல்வார். அக்கா இரண்டு கொடுத்தாள், அலுவலக மேலாண்மைக்கு ஒன்று, சம்பளக் கணக்கியலுக்கு ஒன்று. முதலாவது நிராகரிக்கப்பட்டது. இருபத்து நான்கு பக்கம் எழுதியிருந்தாள், எத்தனை பேரை நிர்வகித்தேன், எத்தனை வருடம் பார்த்தேன், முதலாளி எப்படிப் பாராட்டினார் என்று. திரும்பி வந்த குறிப்பின் சாரம் இதுதான்: நீங்கள் செய்ததைச் சொல்லியிருக்கிறீர்கள், கற்றதைச் சொல்லவில்லை. இந்தத் துறையில் முதல் விதியே அது. அனுபவத்துக்குக் கிரெடிட் இல்லை, அனுபவத்திலிருந்து கற்றதற்குத்தான் கிரெடிட். பத்து வருடம் ஒரே வேலையைச் செய்தும் ஒருவர் எதையும் கற்காமல் இருக்கலாம்.

சம்பளக் கணக்கியலுக்கு எழுதும்போது முறையை மாற்றினாள். அந்தப் பாடத்தின் பாடத்திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் சொல்லியிருக்கும் ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனியாக எழுதினாள். ஓவர்டைம் கணக்கு என்றால் விதி என்ன, அவள் செய்த ஒரு உண்மையான சிக்கல் என்ன, முதலில் எங்கே தப்பு வந்தது, ஏன் வந்தது, அதை எப்படித் திருத்தினாள், அதிலிருந்து எந்தப் பொது விதியைப் புரிந்துகொண்டாள் என்று. ஒரு மாநிலத்தில் வசித்துக்கொண்டு பக்கத்து மாநிலத்தில் வேலை பார்ப்பவருக்கு வரி எங்கே பிடிப்பது என்ற ஒரே கேள்விக்கு மூன்று பக்கம் எழுதியிருந்தாள், நியூ ஜெர்சி, நியூயார்க், பென்சில்வேனியா மூன்றையும் வைத்து. அதை வாசித்த ஆசிரியர், இந்தப் பகுதியை வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டு எழுதினார். பெயர்களை மறைத்த பட்டியல், மேலாளரின் கடிதம், முடித்த பயிற்சியின் சான்றிதழ் எல்லாம் பின்னால் இணைப்பாகப் போயின. 3 கிரெடிட். தேர்வு எழுதுவதைவிட இதற்கு நேரம் மூன்று மடங்கு ஆனது என்பது உண்மை, ஆனால் தன் வேலையைப் பற்றி அவள் நிமிர்ந்து பேசத் தொடங்கியது அந்தப் பக்கங்களை எழுதிய பிறகுதான்.

42 வந்ததும் எங்களுக்கு ஆசை கூடிவிட்டது. இன்னும் ஐந்தாறு தேர்வு எழுதினால் வகுப்பே வேண்டாமே என்று கணக்குப் போட்டோம். அங்கேதான் சுவர். கிளெப் எல்லாம் முதல் இரண்டு வருடத்துப் பாடங்களுக்குச் சமம். பட்டத்துக்கு மூன்றாம், நான்காம் வருட நிலைப் பாடங்கள் குறைந்தது இத்தனை என்று ஒரு விதியும், கடைசி 30 கிரெடிட் எங்கள் கல்லூரியிலேயே எடுக்க வேண்டும் என்று இன்னொரு விதியும் இருந்தன. கீழ்நிலை இடமெல்லாம் நிரம்பிவிட்டது, இனி எழுதினால் வைக்க இடமில்லை. டி.எஸ்.எஸ்.டி. என்று ராணுவத்தினருக்காகத் தொடங்கி இப்போது எல்லோரும் எழுதக்கூடிய வேறொரு தேர்வுத் தொகுப்பில் சில மேல்நிலைப் பாடங்கள் உண்டு, அவளுடைய கல்லூரி அதை ஏற்கவில்லை. மீதி 33ஐ மாலை வகுப்பில், தணிக்கை, வரி, செலவுக் கணக்கியல் என்று படித்துத்தான் முடித்தாள். அந்த வகுப்புகள்தான் அவளுக்கு அதிகம் பிடித்தவை. தெரிந்ததைத் தேர்வில் தள்ளிவிட்டதால், தெரியாததற்குக் கொடுக்க நேரமும் காசும் மிஞ்சியது.

இது எல்லோருக்கும் பலன் தருமா? கெயல் என்ற அமைப்பு, 1974இலிருந்து இதே வேலையாக இருப்பது, 2010இல் 48 கல்லூரிகளில் படித்த 62,475 பெரியவர்களின் பதிவுகளைப் பார்த்து ஓர் ஆய்வு வெளியிட்டது. முன்கற்றலுக்குக் கிரெடிட் வாங்கியவர்களில் 56 சதவீதம் பேர் ஏழு வருடத்துக்குள் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கினார்கள், வாங்காதவர்களில் 21 சதவீதம். இதை அப்படியே விழுங்கக்கூடாது, தேர்வெழுத முன்வருகிறவர்கள் ஏற்கெனவே முனைப்பானவர்களாக இருப்பார்கள். ஆனாலும் அக்காவை வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு காரணம் புரிகிறது. 120 என்பது நாற்பது வயதில், வேலையோடும் வீட்டோடும், எட்டாத எண். பாதிக்குமேல் கணக்கில் ஏறிவிட்டது, இன்னும் பதினொரு பாடம்தான் என்றால் அது வேறு விஷயம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். "உங்கள் வாழ்க்கை அனுபவத்துக்கு முழுப் பட்டம், பத்து நாளில், இவ்வளவு டாலர்" என்று விளம்பரம் வந்தால் அது மோசடி. உண்மையான கல்லூரி எதுவும் முழுப் பட்டத்தையும் அனுபவத்துக்காகத் தூக்கிக் கொடுக்காது. கல்லூரிக்கு முறையான அங்கீகாரம் இருக்கிறதா என்று அமெரிக்கக் கல்வித் துறையின் இணையத் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் அப்படிப் பணம் கட்டி ஏமாந்தார், காகிதம் வந்தது, எந்த வேலைக்கும் அது செல்லவில்லை.

அக்காவின் மகள் இப்போது கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாள். பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏ.பி.யில் உளவியல் எழுதி 5க்கு 3 வாங்கியிருக்கிறாள், அவள் சேர நினைக்கும் கல்லூரி 4 கேட்கிறது. அதே பாடத்துக்குக் கிளெப் இருக்கிறதே, அக்காவே எழுதியதுதான். போன வாரம் அக்கா அந்தக் கல்லூரியின் பதிவாளருக்கு அதே நான்கு கேள்விகளை எழுதி அனுப்பியிருக்கிறாள். பதில் வரும்வரை மகள் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறாள்.